காலையில் மிச்சமாகிற இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது?

கேள்வி, ஜூன் 2

ஏழு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவன், கோடை விடுமுறையில் ஐந்து மணிக்குப் பழகிவிட்டேன். இரண்டு மணி நேரம் கையில் நிற்கிறது. கொஞ்சம் நடை, கொஞ்சம் செய்தி, கொஞ்சம் யூடியூப், அதற்குள் ஏழாகிவிடுகிறது. என்ன செய்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. இந்த நேரத்தை உருப்படியாகச் செலவழிக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தியானம் செய் என்று மட்டும் சொல்ல வேண்டாம். செய்து பார்த்தாயிற்று, உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன்.

பதில், ஜூன் 3, காலை 5.05 (இனி வரும் குறிப்புகள் எல்லாம் நான் எழுதியவை)

இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? அதைச் சொல்லவில்லையே. ஏழுக்கு எழுந்த காலத்திலும் பதினொன்றரைக்குப் படுத்து, இப்போதும் பதினொன்றரைக்கே படுத்தால் உங்களுக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. தூக்கத்தை வெட்டி எடுத்திருக்கிறீர்கள். தியானத்தில் தூக்கம் வருவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். ஐந்துக்கு எழுகிறவர் பத்துக்கு முன்னால் விளக்கை அணைத்திருக்க வேண்டும். பத்து மணிக்குப் படுக்க முடியாத வீடு, வேலை என்றால் ஆறரைக்கே எழுந்திருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. முடியும் என்றால், நீங்கள் உண்மையில் செய்வது ஒரு மாற்று: ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை சோர்ந்துபோய் டிவி முன்னால் போகிற இரண்டு மணி நேரத்தைக் கொடுத்து, தெளிவான இரண்டு மணி நேரத்தை வாங்குகிறீர்கள். இது நல்ல வியாபாரம்.

இன்னொன்று. மாலை ஐந்து மணிக்கு மேல் காபி வேண்டாம். உள்ளே போன காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். பத்து மணிக்குப் படுத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஜூன் 3, இரவு 8.40

நான் காலையில் என்ன செய்கிறேன் என்று கேள்வி கேட்ட நண்பர் கேட்டிருக்கிறார். தமிழ் விக்கிமூலம் என்கிற இலவச இணைய நூலகத்தில் மெய்ப்பு பார்க்கிறேன், அதாவது எழுத்துப் பிழை திருத்துகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய பழைய நூல்களை ஸ்கேன் செய்து அங்கே ஏற்றியிருக்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கணினி செய்துவிடும், ஆனால் பிழையோடு. ஒரு பக்கம் எழுத்து, அதன் அருகே ஸ்கேன் படம். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் அந்தப் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும். அப்புறம் இன்னொருவர் பார்த்துச் சரி என்றால் பச்சை. நான் மஞ்சளாக்கியதை நானே பச்சையாக்க முடியாது, மென்பொருள் விடாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் என் வேலையைப் பார்க்கப்போகிறார் என்ற நினைப்பே கண்ணைக் கூர்மையாக்கும்.

கணினிக்குத் துணைக்காலும் (ா) ரகரமும் (ர) பல இடங்களில் ஒன்றுதான். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்னால் அச்சான நூல் என்றால் வேலை இன்னும் அதிகம். ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்போது முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு. ணா, றா, னாவும் அவற்றோடு சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகளும் வேறு வடிவம். மொத்தம் 13 எழுத்துகள் மாறின. பழைய வடிவத்தைப் பார்த்ததும் கணினி எதையாவது போட்டு நிரப்பிவிடும். அதையெல்லாம் மாலையில் அலுவலகத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்த கண்ணோடு பார்க்க முடியாது. காலை நாலரைக்கு முடியும்.

இந்த வேலை அந்த நேரத்துக்கு ஏன் பொருந்துகிறது என்று யோசித்திருக்கிறேன். ஒரு பக்கம் என்பது ஓர் அளவு. உரைநடை என்றால் பதினைந்து நிமிடம், அடிக்குறிப்பு நிறைந்த பக்கம் என்றால் அரை மணி. எங்கே நிறுத்தினாலும் செய்தது செய்ததுதான், பாதியில் கிடக்காது. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், சத்தம் வராது, செலவில்லை. நான் திருத்திய பக்கத்தை நாளை ஏதோ ஒரு ஊரில் ஒரு மாணவி தேடிப் படிக்கலாம். பகல் முழுக்கக் கணக்கு எழுதுகிற எனக்கு இது வேண்டியிருக்கிறது.

நீங்களும் மெய்ப்புதான் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. பகலில் எந்த வேலைக்கு இடமே கிடைக்கவில்லையோ அதைக் காலையில் வையுங்கள். பகலில் தானாக நடந்துவிடுகிற வேலையை (செய்தி பார்ப்பது, பில் கட்டுவது, வாட்ஸப் பதில்) அங்கே கொண்டுவர வேண்டாம். அப்புறம், ஒன்றே ஒன்று. கொஞ்சம் நடை, கொஞ்சம் செய்தி, கொஞ்சம் யூடியூப் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தக் "கொஞ்சம்"தான் நேரத்தைத் தின்கிறது.

ஜூன் 5

அலாரத்துக்கு செல்போன் வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வைக்காதீர்கள். அணைக்கக் கையில் எடுத்தால் கீழே வைக்க ஆறு மணி ஆகும். ஒரு டைம்பீஸ் வாங்குங்கள். செல்போன் இரவே கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும்.

என்ன செய்யப்போகிறோம் என்பதையும் இரவே முடிவு செய்யுங்கள். நான் படுக்கும் முன் மடிக்கணினியில் மறுநாள் பார்க்க வேண்டிய பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மூடுவேன். நாலரை மணிக்கு யோசிக்கிற மூளைக்கு எதையும் தள்ளிப்போடத்தான் தோன்றும்.

ஜூன் 11, இரவு

முந்தாநாள் ஒருவர் எழுதிய பதிலை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "என் அம்மா நாற்பது வருடமாக நாலரைக்குத்தான் எழுகிறார். அவருக்கு ஒரு நாளும் நேரம் மிச்சமானதில்லை. இந்தக் கேள்வியே ஆண்களின் கேள்வி" என்று எழுதியிருந்தார்.

அவர் சொல்வது சரி. இதை முழுதாகச் சொல்லாமல் "காலையில் எழுங்கள், வாழ்க்கை மாறும்" என்று பேசுவது பாதி ஊருக்குப் பொருந்தாத பேச்சு.

2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபடுகிற ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். சமையலறைக்குள் நுழைந்தே பார்க்காத ஆண்கள் அந்தச் சராசரியில் சேரவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஐந்து மணிக்கு எந்த வீட்டிலும் விளக்கு எரியும். குழாயில் தண்ணீர் வருகிற நேரம், பால் வருகிற நேரம், வாசல் தெளிக்கிற நேரம், டிபன் பாக்ஸ் மூன்று கட்ட வேண்டிய நேரம். பெண்கள் சீக்கிரம் எழுவது அந்த வீட்டுக்குப் பழக்கம், யாரும் அதைச் சாதனை என்று எழுதுவதில்லை. ஐந்து மணிக்கு எழுந்தால் நான் சமையலறைக்குச் சொந்தம். எனக்கென்று ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் நாலுக்கு எழ வேண்டும், நாலுக்கு எழ ஒன்பதுக்குப் படுக்க வேண்டும், ஒன்பதுக்குப் படுக்க வேண்டுமென்றால் பாத்திரம் யார் கழுவுவது?

ஆகவே கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் உங்களுக்கு முன்னால் எழுகிறவர் ஒருவர் இருந்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் அரை மணியை அவருடைய வேலையில் போடுங்கள். உங்களுக்கு ஒன்றரை மணி மிஞ்சும், அவருக்கு அரை மணி கிடைக்கும். உருப்படியாக என்ன செய்யலாம் என்று கேட்டீர்களே, இதைவிட உருப்படியானது எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 12

"சரி, உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

தண்ணீர் பிடிப்பதும் பால் வாங்குவதும் என் வீட்டுக்காரர். இரவு காய் நறுக்கி டப்பாவில் போட்டு வைப்பதும் அவர்தான், டிவி பார்த்துக்கொண்டே செய்துவிடுவார். புளி ஊறப்போடுவது, மறுநாள் சமையல் என்ன என்று முடிவு செய்வது இரவே. அதனால் காலையில் அடுப்பு பற்றவைப்பது ஐந்தரைக்குத்தான். நாலரையிலிருந்து ஐந்தரை என்னுடையது. இது எளிதாக வந்துவிடவில்லை. அவரோடு உட்கார்ந்து பேசி, சில வாரம் முகம் தூக்கி, அப்புறம் வந்தது. அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது நான் உட்கார்ந்திருந்தால் "இன்னைக்கு எத்தனை பக்கம்?" என்று கேட்டுவிட்டுத் தன் ஜபத்துக்குப் போய்விடுகிறார்.

ஜூலை 4

"பிரம்ம முகூர்த்தம் மூன்றரை மணி, அதில் எழுந்தால்தான் பலன்" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அது கடிகார நேரம் இல்லை, சூரிய உதயத்தோடு நகர்வது. ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், 48 நிமிடம். உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால், அதாவது 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் இருப்பது பிரம்ம முகூர்த்தம். திருச்சியில் ஜூன் தொடக்கத்தில் உதயம் 5.52 வாக்கில், அப்போது 4.16-க்குத் தொடங்கும். ஜனவரி கடைசியில் உதயம் 6.38 வரை தள்ளிப்போகும், அப்போது 5.02. முக்கால் மணி நேர வித்தியாசம். முன்னோர் சொன்னது என்றால் முன்னோர் கணக்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நானும் ஐந்துக்கு எழ வேண்டுமா என்று சிங்கப்பூரிலிருந்து கேட்டவருக்கும் இதே பதில்தான். உங்கள் ஊரில் வருடம் முழுக்க உதயம் ஏழு மணியை ஒட்டி. நீங்கள் அங்கே ஆறுக்கு எழுவது நான் இங்கே ஐந்துக்கு எழுவதற்குச் சமம். யாரோ ஒரு அமெரிக்க முதலாளி ஐந்துக்கு எழுகிறார் என்பதற்காக நீங்களும் ஐந்துக்கு எழ வேண்டாம்.

ஜூலை 19

பிள்ளைகளை எழுப்புவது பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இது என்னை நேரடியாகத் தொடுகிற விஷயம், கொஞ்சம் நீளும்.

என் மகன் பிளஸ் டூ. அவன் படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்து, "எல்லாப் பிள்ளைகளையும் நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வையுங்கள், எழுந்ததும் வகுப்பு குரூப்பில் படம் அனுப்புங்கள்" என்று சொன்னார்கள். நான் எழுந்து, முடியாது என்றேன். நான் நாலரைக்கு எழுகிறவள், எனக்கு அந்த நேரத்தின் அருமை தெரியும், அதனால்தான் முடியாது என்றேன்.

அவன் இரவு பதினொன்றுக்கு முன்னால் தூங்க முடியாதவன். படுத்தாலும் புரளுவான். இது சோம்பலும் இல்லை, செல்போனும் இல்லை (அதுவும் கூடத்தில்தான் சார்ஜில் இருக்கிறது). பதின்ம வயதில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இரவில் தூக்கத்துக்கான மெலட்டோனின் என்கிற ஹார்மோன் அவர்களுக்குத் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கவே கூடாது என்று பரிந்துரை செய்தது. நாம் எட்டரைக்குள் ஒரு டியூஷன், ஒரு ஸ்பெஷல் கிளாஸ், ஒரு டெஸ்ட் முடித்துவிடுகிறோம்.

தூக்கத்தின் கடைசிப் பகுதியை வெட்டும்போது எது போகிறது என்பதும் முக்கியம். இரவு முழுக்கத் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக வரும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியலை ஒட்டிக் கனவுத் தூக்கம் அதிகம். நாலு மணிக்கு எழுப்பினால் கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறோம். பகலில் படித்தது மனதில் தங்குவதற்கே தூக்கம் வேண்டும். படிக்க வைப்பதற்காக, படித்ததைத் தங்கவைக்கிற நேரத்தை வெட்டுகிறோம்.

பழைய காலத்தில் எல்லோரும் நாலுக்கு எழுந்துதானே படித்தார்கள் என்று என் சித்தப்பா கேட்டார். எழுந்தார்கள். எட்டு மணிக்குச் சாப்பிட்டு, எட்டரைக்கு ஊரே அடங்கி, ஒன்பதுக்குப் படுத்தும் இருந்தார்கள். அந்தப் பாதியை விட்டுவிட்டு இந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

மகன் ஆறரைக்கு எழுகிறான். இரவு ஒன்பதிலிருந்து பத்தே முக்கால் வரை அவனுக்கு நன்றாக ஓடுகிறது. என் நேரம் எனக்கு, அவன் நேரம் அவனுக்கு.

ஜூலை 20

நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் காலையில் எப்படி எழுவது என்று கேட்ட நண்பருக்கு: உங்களுக்கு இந்த இழையே தேவையில்லை. காலை ஏழுக்கு வீட்டுக்கு வந்து தூங்குகிறவர் மதியம் இரண்டுக்கு எழுந்தால் அதுதான் உங்கள் விடியல். சன்னலுக்குக் கெட்டியான திரை போடுங்கள், காலிங் பெல்லைக் கழற்றி வையுங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள். ஆலை ஊர்களில் இருக்கிற வீடுகளுக்கு இது நன்றாகத் தெரியும். பகலில் தூங்குகிற மனிதரைச் சோம்பேறி என்று பேசாத தெரு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஷிஃப்ட் முறையைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 30, காலை 4.50

இன்று வேலை ஓடவில்லை, கரண்ட் இல்லை. மாடிக்குப் போனேன். மேகமே இல்லை. தெருவிளக்கும் இல்லாததால் வானம் அப்படியே தெரிந்தது. போய்ப் பாருங்கள், இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

தலைக்கு மேலே சின்னக் கொத்தாக இருப்பது கார்த்திகை. அதற்குக் கொஞ்சம் கிழக்கே சிவப்பாக ரோகிணி. இன்னும் கிழக்கே இறங்கினால் மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நிற்கும், அதற்கு வடபுறம் செம்மஞ்சளாகத் திருவாதிரை. தென்கிழக்கில் தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே தனியாகப் பளிச்சென்று ஒன்று இருக்கிறதே, அதுதான் அகத்தியர் நட்சத்திரம். திருவாதிரைப் பண்டிகை சமயத்தில் முன்னிரவில் கிழக்கே பார்க்கிற அதே வானம் இது. நாலு மாதம் காத்திருக்காமல் இப்போதே பார்க்கிறோம். பூமி தன்னைச் சுற்றும்போது விடியற்காலையில் நாம் அடுத்த பருவத்தின் வானத்துக்குக் கீழே வந்துவிடுகிறோம், அவ்வளவுதான் விஷயம். எந்தக் கருவியும் வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகப் பத்து இருபது நிமிடம் கொடுத்தால் போதும், நடுவில் செல்போன் வெளிச்சம் பார்க்காமல் இருந்தால் சரி.

செப்டம்பர் 14

ஜூனில் "ஒன்றே ஒன்று" என்று அழுத்திச் சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன், ஆனால் ஒன்று என்பது வருடம் முழுக்க ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பறவை பார்க்கிற ஒரு நண்பர் இங்கே எழுதியதைப் படித்த பிறகு இப்படித் தோன்றுகிறது.

அவர் காவிரிக் கரையில் இருக்கிறவர். இருட்டிலேயே எழுந்துவிடுகிறார். முதலில் குரல் கொடுப்பது கரிச்சான் (இரட்டைவால் குருவி என்றால் எல்லோருக்கும் தெரியும்), அப்புறம் மற்றவை என்று வரிசை சொல்கிறார். செப்டம்பரிலிருந்து வடக்கிலிருந்து வாலாட்டிகளும் தகைவிலான்களும் வர ஆரம்பிக்கும், மார்ச், ஏப்ரல் வரை அவருக்கு வேலை இருக்கும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எல்லாம் எண்ணி இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுகிறார். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்களே, அதிலும் சேர்கிறார். எண்ணிக்கையை அவர் பதிந்து வைப்பதால் இன்னும் சில வருடம் கழித்து அந்தக் கரையில் எது குறைந்தது, எது கூடியது என்று சொல்ல முடியும். வெயில் காலத்தில் அவருக்குப் பறவை இல்லை, புத்தகம்தான்.

இது நல்ல முறை. பருவத்துக்கு ஒன்று. தினம் ஒன்று மாற்றுவதுதான் கூடாது.

அவர் சொன்னதில் இன்னொரு லாபமும் உண்டு. விடிகிற வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடம்புக் கடிகாரத்தைத் தினமும் சரி செய்கிறது. அறைக்குள் எத்தனை டியூப்லைட் போட்டாலும் மேகமூட்டமான நாளின் வெளி வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வராது. அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்குத்தான் 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. இதைப் படித்த பிறகு மெய்ப்பு முடித்து அடுப்பில் குக்கர் ஏற்றியதும் பத்து நிமிடம் வாசலில் நிற்கிறேன். இரவு ஒன்பதரைக்கே கண் செருகுகிறது.

அக்டோபர் 22

காலையில் வீணை சாதகம் செய்யலாமா, கீழ் வீட்டில் சண்டை வருகிறது என்று கேட்டவருக்கு. விடியற்காலைச் சாதகம் பாடுகிறவர்களுக்கும் நாதஸ்வரக்காரர்களுக்கும் காலங்காலமாக இருக்கிற பழக்கம்தான், ஆனால் அவர்கள் ஆற்றங்கரையிலும் தோப்பிலும் செய்தார்கள். அடுக்குமாடியில் ஐந்து மணிக்கு வேண்டாம். இடது கைக்கு மட்டும் பயிற்சி, ஸ்வரம் எழுதுவது, தாளம் போட்டு மனதுக்குள் பாடுவது இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். மீட்டுவதை ஆறரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வீட்டுக்காரரின் தூக்கமும் தூக்கம்தான்.

டிசம்பர் 19

மார்கழி பிறந்துவிட்டது. வருடத்திலேயே எழ முடியாத மாதமும் இதுதான், ஊரே எழுந்திருக்கிற மாதமும் இதுதான். நாலு மணிக்கே ஸ்பீக்கரில் பாசுரம். ஐந்துக்குள் வாசல் முழுக்கக் கோலம். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கிற கூட்டத்தில் ஸ்ரீரங்கத்தில் அந்த ராத்திரியே கிடையாது.

இந்த மாதம் மெய்ப்பை நிறுத்திவிட்டேன். கோலம் போடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டுப் பெண், நான் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசலில் இருக்கிறோம். மற்ற மாதங்களில் நாங்கள் பேசிக்கொள்வது குழாயடியில் இரண்டு வார்த்தை. இப்போது புள்ளி வைத்து முடிக்கும்வரை பேச்சு. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு விக்கிமூலம் பற்றிச் சொன்னேன். நூலகவியல் படித்துவிட்டு வீட்டில் இருப்பவள், இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை. மூன்று வருடமாக எதிரெதிர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறோம். தையில் அவள் கணக்குத் தொடங்கப்போகிறாள். நான் மஞ்சளாக்குவதை அவள் பச்சையாக்குவாள்.

"கோலம் போடுவது வீட்டு வேலையா, சொந்த நேரமா?" என்று ஜூனில் அம்மாவைப் பற்றி எழுதியவர் கேட்கக்கூடும். போடாவிட்டால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பாருங்கள். சொல்வார்கள் என்றால் வேலை. எங்கள் வீட்டில் அத்தையே "முடியலன்னா விடு" என்று சொல்லிவிட்டார், அதனால் எனக்கு இது சொந்த நேரம்.

ஜனவரி 7

கேள்வி கேட்ட நண்பர் ஏழு மாதம் கழித்து வந்து எழுதியிருக்கிறார், மிகவும் சந்தோஷம். ஜூன் பதினொன்றாம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு அம்மாவோடு காய் நறுக்க உட்கார்ந்தாராம். நறுக்கும்போது அம்மா பேச ஆரம்பித்தார்களாம். ஊரில் என்ன நெல் விதைத்தார்கள், எந்தக் கிணற்றில் எந்த வருடம் தண்ணீர் வற்றியது, யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன பாட்டு என்று. அதை எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறார். எப்படி முறையாகச் செய்வது என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எழுதினால் மட்டும் போதாது, குரலையும் பதிவு செய்யுங்கள். இதற்காகச் செல்போனைக் கூடத்திலிருந்து எடுக்கலாம், ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போகும், குரலில் சொன்னது மாறாது. கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்றால் "நல்லா இருந்துச்சு" என்று முடிந்துவிடும். "விதை நெல்லை எதில் போட்டு வைப்பீங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் வரும். பாட்டு வந்தால் நடுவில் எதுவும் கேட்காதீர்கள், முழுதாக முடியட்டும். மறுநாள் இன்னொரு முறை பாடச் சொல்லி அதையும் பதிவு செய்யுங்கள், வரிகள் மாறியிருக்கும், இரண்டும் வேண்டும்.

அம்மா பேசுகிற மாதிரியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். தெரியாத சொல் வந்தால் அங்கேயே கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் மற்றவர்களைப் பற்றிய சொந்த விஷயம் வந்தால் அதைத் தனிக் கோப்பில் வையுங்கள், வெளியில் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஜனவரி 8

விட்டுப்போன ஒன்று: பதிவுகளை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். குக்கர் சத்தம் பதிவில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்பு பற்றவைப்பதற்கு முன் பேசச் சொல்லுங்கள், அல்லது அடுப்படி வேலையை அந்த அரை மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொண்டு அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, போனை அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் அப்பாவை எழுப்புங்கள்.